வேளாண் ஹானர் சொசைட்டியில் பொறுப்பு ஏற்பவர்களுக்கு: கேள்வி பதில்

அமெரிக்க வேளாண் கல்லூரிகளில் நன்றாகப் படிக்கும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்ளும் சங்கங்கள்தான் ஹானர் சொசைட்டிகள். அவற்றில் பழையவை இரண்டு: 1897-ல் தொடங்கிய ஆல்ஃபா ஜீட்டா, 1905-ல் தொடங்கிய காமா சிக்மா டெல்டா. இரண்டும் பிறந்தது ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில்தான். அமெரிக்காவில் படிக்கும் நம் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

"சேரச் சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது, கட்டணமும் கேட்கிறார்கள். ஏமாற்று வேலையா அண்ணா?" (முதுநிலை மாணவர், நெப்ராஸ்கா)

கட்டணம் கேட்பதாலேயே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது தம்பி. உண்மையான சங்கங்களும் சேர்க்கைக் கட்டணம் வாங்குகின்றன. உங்கள் கல்லூரியில் அதற்குக் கிளை இருக்கிறதா, ஆலோசகராக எந்தப் பேராசிரியர் இருக்கிறார் என்று டீன் அலுவலகத்தில் கேளுங்கள். பெயர் சொல்ல ஆள் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். தரவரிசையையே பார்க்காமல் எல்லோரையும் கூப்பிடும் சங்கமும் வேண்டாம். ஆல்ஃபா ஜீட்டாவில் வகுப்பின் மேல் ஐந்தில் இரண்டு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. காமா சிக்மா டெல்டா முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களையும் சேர்க்கிறது. உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் அதுவாக இருக்கும்.

"எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் பொருளாளர் ஆகலாமா?" (முனைவர் பட்ட மாணவி, அயோவா)

ஊதியமில்லாத பொறுப்பு என்றால் தாராளமாக ஆகலாம். சில கிளைகள் தலைவருக்கும் பொருளாளருக்கும் பருவத்துக்கு ஒரு தொகை தருவதுண்டு. அது வேலைக் கணக்கில் வரலாம், ஏற்கெனவே ஆராய்ச்சி உதவியாளராக, விசா அனுமதிக்கும் உச்சமான வாரம் 20 மணி நேரம் செய்பவருக்குச் சிக்கலாகும். வாங்குமுன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். இன்னொன்று: தொண்டு நிறுவனத்தில் சேவை செய்யலாம்; வழக்கமாகச் சம்பளத்துக்கு ஆள் வைக்கும் வேலையை ஒரு தனியார் பண்ணையில் 'சேவை' என்ற பெயரில் சும்மா செய்து கொடுக்கக் கூடாது.

பொருளாளர் வேலையில் மாணவர்கள் மாட்டுவது ஒரே இடத்தில்தான். சங்கத்துக்கு நிதி திரட்டக் கேக் விற்ற பணத்தைத் தன் சொந்த வென்மோ (போனில் பணம் அனுப்பும் செயலி) கணக்கில் வாங்கிவிடுவார்கள். பிறகு எது சங்கப் பணம், எது அறை வாடகை என்று பிரிக்க முடியாது. பல்கலைக்கழகம் மாணவர் அமைப்புகளுக்குத் தரும் கணக்கில் மட்டும் வாங்குங்கள். ரொக்கத்தை இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அடுத்த வேலை நாளில் கட்டிவிடுங்கள்.

"அறுவடைக்குப் பின் வயலில் மிஞ்சுவதைப் பறித்து உணவு வங்கிக்குக் கொடுக்கத் திட்டம். எதைக் கவனிக்க வேண்டும்?" (இளநிலை மாணவர், ஒஹாயோ)

வேளாண் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சேவை இல்லை. ஆனால் பலரும் பின்னாலிருந்து திட்டமிடுகிறார்கள்: ஆளைத் திரட்டி, டி-ஷர்ட் அச்சடித்து, கடைசியில் உணவு வங்கிக்குப் போன் செய்வார்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நிறைந்த டிரக்குடன் போய் நின்றால் கதவு பூட்டியிருக்கும். முதல் போன் உணவு வங்கிக்கு. எந்த நாள், எத்தனை மணி வரை வாங்குவார்கள், குளிர் அறையில் எவ்வளவு இடம், எந்தப் பெட்டியில் வேண்டும் என்று கேளுங்கள். மூடியோடு வரும் வாழைப்பழ அட்டைப்பெட்டி பல இடங்களில் ஏற்பு; மளிகைக் கடைகளில் சும்மா கிடைக்கும்.

அடுத்து விவசாயி. கேட்க வேண்டியது, கடைசியாக என்ன மருந்து, எந்தத் தேதியில் அடித்தார் என்பது. மருந்து லேபிளில் இரண்டு இடைவெளி போட்டிருக்கும்: அடித்த பிறகு வயலுக்குள் ஆள் நுழைய எத்தனை மணி நேரம், பறிக்க எத்தனை நாள். இரண்டும் கழிந்திருக்க வேண்டும். சங்கத்தில் பூச்சியியல் படிப்பவர் ஒருவர் இருப்பார், லேபிளைப் படிக்கும் வேலையை அவரிடம் விடுங்கள். வழக்குப் பயத்தில் விவசாயி தயங்கினால், நல்லெண்ணத்தோடு தானம் தருபவரைப் பாதுகாக்கும் 1996-ஆம் ஆண்டின் பில் எமர்சன் சட்டத்தைச் சொல்லுங்கள். அந்தச் சட்டம் அப்பட்டமான அலட்சியத்துக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

எவ்வளவு பறிப்பது என்பதை ஆள் கணக்கில் போடாதீர்கள், வண்டிக் கணக்கில் போடுங்கள். ஒரு புஷல் (அமெரிக்காவில் விளைச்சலை அளக்கும் அளவு) ஆப்பிள் சுமார் 42 பவுண்டு. 30 புஷல் என்றால் 1,260 பவுண்டு. உங்கள் பிக்கப் டிரக் தாங்கும் எடை ஓட்டுநர் கதவோர ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே உட்காரும் ஆட்களின் எடையும் அதில் அடக்கம். மரத்தடியில் விழுந்து கிடப்பதை எடுக்கவே கூடாது. மான் புழுக்கை கிடக்கும் தோட்டம் அது, ஈ.கோலை என்னும் நோய்க்கிருமி பயத்தில் உணவு வங்கி மொத்த லோடையும் திருப்பி அனுப்பலாம். "நல்லாத்தானே இருக்கு" என்று ஒருவர் பொறுக்கிப் போடுவார். அதற்காகவே வண்டி அருகே ஒரு ஆளை நிறுத்துங்கள்.

இனிப்புச் சோளம் என்றால் விடியற்காலையிலேயே பறித்துவிடுங்கள். பறித்த பிறகும் கதிர் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். குவித்து வைத்தால் நடுவில் உள்ள மூட்டை கையில் சுடும், சர்க்கரையும் போய்விடும். ஆழமாகக் குவிக்காமல் நிழலில் பரப்பி, மேலே ஐஸ் போட்டு, அன்று மதியத்துக்குள் சேர்த்துவிடுங்கள். எடை போடும்போது காலிப் பெட்டியின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள்.

"ஊர் மக்களுக்கு மண் பரிசோதனை நாள் நடத்தினோம். பாதி மாதிரிகளுக்குப் பரிந்துரையே வரவில்லை. ஏன்?" (கிளைச் செயலாளர், பென்சில்வேனியா)

படிவத்தில் என்ன பயிர் என்று எழுதியிருக்க மாட்டார்கள். தக்காளிக்கா, புல்தரைக்கா, புளூபெர்ரிக்கா என்று தெரியாமல் ஆய்வகம் மண்ணின் அமிலத்தைக் குறைக்கும் சுண்ணாம்பின் அளவைச் சொல்ல முடியாது, புளூபெர்ரிக்கு பி.எச். (அமில-கார அளவு) 4.5 முதல் 5.5 வரை வேண்டும், தக்காளிக்கு 6-க்கு மேல். மேசையில் ஒருவர் உட்கார்ந்து, படிவம் நிரம்பிய பிறகே பையை வாங்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் முறையை ஒரு வாரம் முன்பே அச்சடித்துக் கொடுங்கள். காய்கறிப் பாத்தியில் 6 முதல் 8 அங்குல ஆழம், புல்தரையில் 3 முதல் 4 அங்குலம். ஒரே பாத்தியில் 10 முதல் 15 இடங்களில் எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அதிலிருந்து இரண்டு கப். துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு வாளி கூடாது, துத்தநாக அளவு பொய்யாகக் கூடிவிடும். ஈரமாக இருந்தால் செய்தித்தாளில் பரப்பிக் காற்றில் உலர்த்தலாம், அடுப்பில் வைக்கக் கூடாது.

1978-க்கு முந்தைய வீடுகளில் ஈய பெயின்ட் இருந்திருக்கலாம். சுவரோர மண்ணைத் தனி மாதிரியாக எடுத்து, ஈயப் பரிசோதனையைத் தனியாகக் கேளுங்கள். சாதாரணச் சோதனையில் அது வராது. குடியிருப்பு மண்ணுக்கான எச்சரிக்கை அளவை 2024-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 400 பி.பி.எம்.-லிருந்து (பத்து லட்சம் பங்கு மண்ணில் 400 பங்கு ஈயம்) 200 ஆகக் குறைத்தது. பழைய கையேட்டை வைத்து "பரவாயில்லை" என்று சொல்லிவிடாதீர்கள்.

முடிவுகள் வந்ததும் இன்னொரு மாலை வைத்து விளக்கினால்தான் இது சேவை. வருடா வருடம் கம்போஸ்ட் கொட்டிய தோட்டங்களில் பாஸ்பரஸ் ஏகத்துக்கு இருக்கும். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது "இந்த வருடம் ஒன்றும் போடாதீர்கள்" என்பதுதான். காசு கொடுத்துச் சோதித்தவருக்கு அது சப்பென்று இருக்கும். வீட்டுக்குள் தொட்டியில் கறிவேப்பிலை மஞ்சளாகிறது என்று நம் ஊர்க்காரர்களும் வருவார்கள்; பெரும்பாலும் குளிர்கால வெளிச்சக் குறைவும் அதிகத் தண்ணீரும்தான், மண்ணைச் சோதித்துப் பயனில்லை.

"என் மகள் துணைத் தலைவி. படிப்பு கெடாதா ஐயா?" (ஒரு தாய், திருச்சி)

தேர்வு வாரத்தில் நிகழ்ச்சி வைக்காத கிளை என்றால் கெடாதும்மா. பருவத்துக்கு இரண்டு நிகழ்ச்சி போதும் என்று உங்கள் மகளையே சொல்லச் சொல்லுங்கள்.

"ஆகஸ்டில் பொறுப்பேற்றேன். கோப்பும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. பழைய தலைவர் பட்டம் வாங்கிப் போய்விட்டார்." (தலைவர், ஜார்ஜியா)

மே மாதத்தில் பட்டமளிப்பு. ஆகஸ்டில் கைமாற்றினால் இப்படித்தான் ஆகும். முதலில் ஆலோசகப் பேராசிரியரோடு மாணவர் அமைப்பு அலுவலகத்துக்குப் போய்ப் பதிவையும் கணக்குக் கையெழுத்தையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பதிவு புதுப்பிக்கக் கடைசித் தேதி பெரும்பாலும் செப்டம்பரில் வந்துவிடும். மின்னஞ்சலைச் சங்கத்தின் பெயரில் திறந்து, கடவுச்சொல் பேராசிரியரிடமும் இருக்கட்டும். உங்கள் தேர்தலை மார்ச்சில் வைத்து, ஏப்ரல் முழுவதும் பழையவரும் புதியவரும் சேர்ந்து வேலை பார்க்கட்டும். விவசாயியின் எண், உணவு வங்கியில் போனை எடுப்பவர் பெயர், ஆய்வகக் கட்டணம், போன தடவை எத்தனை பெட்டி போதவில்லை: இவ்வளவும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.