வாசகர் கேள்வி: பேஸ்மெண்டில் ரேடான், ஃபேன் போடலாமா?

வாங்கப்போகும் வீட்டின் பேஸ்மெண்டில் ரேடான் 6.8 பைகோகியூரி. விரிசல்களை அடைத்தால் போதும் என்கிறார் விற்பவர். ஃபேன் அமைப்புக்கு 1,500 டாலர் கேட்கிறார்கள். அவசியமா?
– வாசகி, ஆலன்டவுன், பென்சில்வேனியா

அவசியம்தான். ரேடான் என்பது மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயு, மூச்சோடு போனால் நுரையீரல் புற்றுநோய் தரக்கூடியது; அதன் கதிரியக்கத்தை அளக்கும் அலகுதான் பைகோகியூரி. லிட்டருக்கு 4 பைகோகியூரியை எட்டினாலே சரிசெய்யச் சொல்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. உங்கள் ஊருக்குத் தெற்கே ஓடும் ரெடிங் பிராங் பாறைத்தொடரில் யுரேனியம் உண்டு; அது சிதைந்துதான் ரேடான் உண்டாகிறது. 1984இல் பாயர்டவுன் பக்கம் ஸ்டான்லி வாட்ரஸ் வீட்டில் சுமார் 2,700 பைகோகியூரி கண்ட பிறகுதான் நாடே இதைக் கவனித்தது.

வெறும் விரிசலடைப்பை நம்பாதீர்கள். குளிர்காலத்தில் சூடான காற்று மேலேறி வெளியேற, வீடு மண்ணிலிருந்து காற்றை இழுக்கும். ஒரு விரிசலை மூடினால் இன்னொன்று வழியாக வரும். தளத்துக்கு அடியிலிருந்தே உறிஞ்சி எடுப்பதுதான் முறை. கான்கிரீட்டில் துளையிட்டு, கீழே ஒரு வாளி அளவுக்கு மண்ணை அள்ளிவிட்டு, 3 அல்லது 4 அங்குல பிவிசி குழாய் இறக்குவார்கள். நிலத்தடி நீர் சேரும் சம்ப் குழி இருந்தால் அதற்குக் காற்றுப்புகாத மூடி வேண்டும். ஃபேன் பரணிலோ வெளிச்சுவரிலோதான் இருக்க வேண்டும். பேஸ்மெண்டில் வைத்தால், ஃபேனுக்கு மேலுள்ள குழாய் லேசாகக் கசிந்தாலும் ரேடானை வீட்டுக்குள்ளேயே ஊதிவிடும். குழாய் எங்கும் தொய்யக்கூடாது. தொய்ந்தால் ஈரம் தேங்கி இழுவை குறையும், களகளவென்று சத்தமும் கேட்கும்.

பாதகங்களும் உண்டு. ஃபேன் இரவும் பகலும் ஓடும். 60 வாட் என்றால் ஆண்டுக்கு 525 யூனிட் மின்சாரம். சூடாக்கிய காற்றிலும் கொஞ்சம் போய்விடும். பத்தாண்டு வாக்கில் ஃபேனை மாற்ற நேரலாம். இவையெல்லாம் காசோடு போகும். புகைபோக்கியை நம்பியிருக்கும் கேஸ் வாட்டர் ஹீட்டர் விஷயம் அப்படியல்ல: ஃபேனின் இழுவை கூடினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பலாம். அதைச் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

விற்பவரையே போடச் சொல்லாதீர்கள், மலிவாக முடித்துவிடுவார். விலையில் கழித்துக்கொண்டு, மாநிலச் சான்றிதழ் பெற்றவரை நீங்களே அமர்த்துங்கள். தளத்தின் மறுகோடி வரை இழுவை போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடியில் களிமண் என்றால் ஒரு துளை போதாது. ஃபேன் ஒரு நாளாவது ஓடிய பிறகு, 30 நாளுக்குள் மறுபரிசோதனை செய்யுங்கள்.

ரேடான் ஃபேன் குழாயில் மாட்டிய மனோமீட்டரில் (இழுவையைக் காட்டும் U வடிவச் சிறு டியூப்) திரவம் இரு பக்கமும் சமமாக நிற்கிறதே?
– வாசகர், நியூ ஜெர்சி

ஃபேன் இழுக்கவில்லை. பிரேக்கர், ஃபேன் சுவிட்ச், கழன்ற சிறு டியூப் மூன்றையும் பாருங்கள். மேடுபள்ளமாக நின்றாலும் அது இழுவைக்குத்தான் சாட்சி, ரேடான் அளவுக்கு அல்ல. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தனியே பரிசோதிக்க வேண்டும்.

எங்களுக்கு ரேடான் 3.1 பைகோகியூரி வந்திருக்கிறது. செலவழிக்கலாமா?
– வாசகி, மேரிலாந்து

இரண்டு நாள் சோதனையை வைத்து முடிவெடுக்காதீர்கள். குளிர்காலமும் சேரும்படி 90 நாளுக்கு மேல் நீண்டகாலக் கருவி வையுங்கள். வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தாலோ, பேஸ்மெண்டில் யாராவது படுத்தாலோ காத்திருக்காமல் போட்டுவிடுங்கள்.