இடிந்த பழங்காலக் கட்டடங்களைக் காட்டும் பழைய எண்ணெய் ஓவியங்களுக்குப் பின்னால் கதை ஏதும் உண்டா?

உண்டு. என் மனதை விட்டு இன்னும் போகாத ஒன்றைச் சொல்கிறேன். பிரெஞ்சு ஓவியர் ஊபேர் ரொபேர் 1796-ல் வரைந்தது. இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அச்சுப் படமாக முதலில் பார்த்தபோது ரோம் என்றுதான் நினைத்தேன். நீளமான மண்டபம், வளைவுக் கூரை பிளந்து மேலே வானம், விளிம்பில் முளைத்த செடிகள், தரையெல்லாம் உடைந்த கல். ரொபேர் இளவயதில் பதினோரு ஆண்டு ரோமில் தங்கி, 'இடிபாடுகளின் ரொபேர்' என்றே பெயர் வாங்கியவர். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தலைப்பைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. அது லூவ்ரின் பெரிய கூடம்! அப்போது அந்தக் கட்டடம் இடியவே இல்லை. சொல்லப்போனால், அதைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் ரொபேரும் இருந்தார்.

மூன்று ஆண்டு பின்னால் போனால் காரணம் புரியும். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த 1793 ஆகஸ்டில், மன்னர்களின் லூவ்ர் அரண்மனை மக்களுக்கான அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அக்டோபரில் ரொபேரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். பக்கத்து அறைக்காரர்கள் தலைவெட்டும் இயந்திரமான கில்லட்டினுக்குப் போன நாட்கள் அவை. அங்கேயும் சாப்பாட்டுத் தட்டுகளில் வரைந்துகொண்டிருந்தார். 1794-ல் புரட்சித் தலைவர் ரோபஸ்பியர் வீழ்ந்த பிறகுதான் விடுதலை.

இந்தப் படத்துக்கு ஒரு ஜோடி உண்டு. அதே கூடம், கூரையில் கண்ணாடி பதித்து மேலிருந்து வெளிச்சம் இறங்குவதுபோல் வரைந்த திட்டப்படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் கேட்ட அதே வெளிச்சம், இடிந்த கூடத்தில் கூரை விழுந்த ஓட்டை வழியாக வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. படத்தில் இடிபாடுகளுக்கு நடுவே கிரேக்கக் கடவுள் அப்பல்லோவின் சிலை ஒன்று சாயாமல் நிற்கிறது. அது ரோமின் வத்திக்கானில் இருந்த சிலை. நெப்போலியன் படை இத்தாலிக்குள் நுழைந்த ஆண்டு 1796. அங்கிருந்து எடுத்துவரப்பட்ட சிலை பாரிஸ் வந்து சேர்ந்தது 1798-ல். 1815-ல் ரோமுக்கே திரும்பிப் போனது. ஆக, இன்னும் வந்து சேராத சிலையை, இன்னும் இடியாத கூடத்தில் நிறுத்தியிருக்கிறார்.

அதன் எதிரில் ஒருவன் உட்கார்ந்து அதைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறான். சிறிய உருவம், தேடித்தான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் அது ரொபேரேதான்.