பாலாற்றங்கரை நிலத்தில் கீரை போடலாமா?

கேள்வி: வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டி அரை ஏக்கர் இருக்கிறது. ஒரு காலத்தில் தோல் கழிவுநீர் பாய்ந்த நிலம். முளைக்கீரை வருகிறது, ஆனால் இலை ஓரம் கருகுகிறது. கடுகு விதைத்தால் மண்ணில் இருக்கும் விஷத்தை உறிஞ்சிவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: அம்மா, மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கும் வரை அந்தக் கீரையை வீட்டுக்கோ சந்தைக்கோ பறிக்காதீர்கள். இலை ஓரம் கருகுவது பெரும்பாலும் உப்பின் வேலை. உப்பு இலையிலேயே காட்டிக்கொடுத்துவிடும், உலோகம் அப்படியில்லை. பச்சைப்பசேலென்று நிற்கும் கீரையிலும் அது இருக்கலாம்.

செடிக்குச் சத்தான துத்தநாகம் ஏறும் அதே வழியில்தான் காட்மியம் என்ற நச்சு உலோகமும் வேருக்குள் நுழைந்து இலை வரை போகிறது. தோல் பதனிடப் போடும் குரோமியம்-3 பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், உள்ளே போனாலும் வேரிலேயே நின்றுவிடும். அதே உலோகத்தின் இன்னொரு வடிவமான குரோமியம்-6 தண்ணீரில் கரைந்து வரும். ஆபத்து அதில்தான் அதிகம். ஈயம் செடிக்குள் அவ்வளவாக ஏறாது, மண் தெறித்து இலையில் ஒட்டும். ஒட்டியதைக் கழுவிவிடலாம், உள்ளே ஏறியதை என்ன செய்வது? பொதுவாகக் கீரையில்தான் அதிகம் சேரும், அடுத்து கிழங்கு. காயிலும் தானியத்திலும் குறைவு.

கடுகு உறிஞ்சும் என்பது பொய்யில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை ஏக்கரில் அரையடி ஆழ மேல்மண் சுமார் 450 டன். கிலோவுக்கு 100 மில்லிகிராம் குரோமியம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 45 கிலோ. ஒரு டன் காய்ந்த கடுகுச் செடியில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் ஏறினாலும் ஒரு போகத்தில் வெளியேறுவது 20 கிராம்தான். அந்தச் செடியை மாட்டுக்கும் போட முடியாது, உரக்குழியிலும் போட முடியாது.

அதனால் முதல் வேலை பரிசோதனை. மண்வள அட்டையில் குரோமியமோ காட்மியமோ வராது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் துறையில் கேட்டு, மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். மக்கிய தொழுவுரம் தாராளமாகப் போடுங்கள், அது குரோமியம்-6ஐ மெல்ல மெல்ல 3ஆக மாற்றும். ஜிப்சம் போடுவது, மண்ணில் சோடியம் அதிகம் என்று முடிவு வந்தால் மட்டும்.

அதுவரை சவுக்கு வைக்கலாம், உப்பைத் தாங்கும். தீவனப்புல் வேண்டாம், உலோகம் பாலுக்கு வரலாம். வரப்பில் வெட்டிவேர் நட்டால் மண்ணைப் பிடித்து நிறுத்தும். ஆனால் அது இழுக்கும் உலோகம் பெரும்பாலும் வேரில்தான் சேரும். அந்த வேரை மட்டும் குடிதண்ணீர்ப் பானையில் போட்டுவிடாதீர்கள் அம்மா, விற்கவும் விற்காதீர்கள்.