பல ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான பேக்கேஜாகக் கட்டுகிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே கிட் ரெப்போ (நிரலை அதன் மாற்ற வரலாற்றோடு வைக்கும் களஞ்சியம்) போதுமா?

போதாது. ஒரு பேக்கேஜுக்கு ஒரு ரெப்போ வையுங்கள். வேலையிடத்து சர்வர்களுக்காக ஏழெட்டு மென்பொருளை நீங்களே கட்டுகிறீர்கள், "எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் வசதிதானே" என்று மேலாளர் ஆரம்பித்துவிட்டார், அப்படித்தானே? எங்களிடமும் அதே பேச்சுதான்.

அந்த வசதி கொஞ்ச நாளைக்குத்தான். கிட்டில் பிராஞ்சும் (மாற்றங்களின் தனிக் கிளை) டேகும் (ஒரு நிலைக்கு இடும் பெயர்ச்சீட்டு) ரெப்போ முழுமைக்கும் பொது. ஒரு பேக்கேஜ் புக்வர்மிலேயே (டெபியன் 12) நிற்க வேண்டும், இன்னொன்று டிரிக்சிக்கு (டெபியன் 13) போயாக வேண்டும் என்று வந்தால் எந்த பிராஞ்சில் உட்காருவீர்கள்?

டெபியனில் டெப்-14 என்று ஒரு பரிந்துரை இருக்கிறது, அதைப் பின்பற்றினாலே போதும். அப்ஸ்ட்ரீம்/லேட்டஸ்ட் பிராஞ்சில் மூலக்காரர்கள் (அந்த மென்பொருளை எழுதியவர்கள்) தந்தது தந்தபடி இருக்கும், அதில் ஓர் எழுத்தைக்கூட நாம் தொடக்கூடாது. டெபியன்/லேட்டஸ்டில் அதனுடன் நம் டெபியன் ஃபோல்டர். நம் திருத்தங்கள் அந்த ஃபோல்டருக்குள் தனித்தனி பேட்ச் கோப்புகளாக. புது வெளியீடு வந்தால் ஜிபிபி (கிட்-பில்ட்பேக்கேஜ் என்ற கருவி) இம்போர்ட்-ஆரிக் அதை உள்ளே கொண்டுவரும், பிறகு ஜிபிபி பிக்யூ ரீபேஸ் நம் பேட்சுகளை அதன் மேல் ஏற்றும். அவ்வளவுதான்.

இதில் எனக்கு ஏன் இத்தனை வேகம் என்றால், எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளில் ரகசியமாகப் பின்கதவு வைத்த விவகாரம். 2024 மார்ச் 29, புனித வெள்ளி. செய்தி வெளியானபோது சிங்கப்பூரில் நள்ளிரவு ஆகப்போகிறது. மறுநாள் காலை காப்பிக்கடையில் பராட்டா வந்தும் வராததுமாக வாட்ஸ்அப்பில் மேலாளர்: "நம்மிடம் இருக்கிறதா?" எங்கள் சர்வர்களில் புக்வர்ம், அதில் எக்ஸ்இசட் 5.4.1. கெட்டவை 5.6.0, 5.6.1. உட்கார்ந்த இடத்திலேயே பதில் சொல்லிவிட்டேன். அடுத்து அவர் கேட்டதுதான் கேள்வி: நாமே கட்டுகிற மற்றவற்றில், டார்பாலில் (மூலக்காரர்கள் வெளியீடாகத் தரும் கட்டுக்கோப்பு) இருப்பதும் அவர்களுடைய கிட்டில் இருப்பதும் ஒன்றுதானா? எக்ஸ்இசட்டில் பின்கதவுக்கு வழிவிட்ட பில்ட்-டு-ஹோஸ்ட்.எம்4 கோப்பு டார்பாலில் மட்டும்தான் இருந்தது, கிட்டில் இல்லை.

நான் பார்த்துக்கொள்ளும் தனி ரெப்போக்களில் இம்போர்ட் செய்யும்போதே --அப்ஸ்ட்ரீம்-விசிஎஸ்-டேக் கொடுத்து அவர்களுடைய டேகையும் கோத்து வைத்திருந்தேன். இரண்டு டேகுக்கும் நடுவே ஒரு கிட் டிஃப் (வித்தியாசம் காட்டும் கட்டளை). கான்ஃபிகர், மேக்ஃபைல்.இன், ஏசிலோகல்.எம்4 என்று வழக்கமான ஆட்டோடூல்ஸ் (கட்டுவதற்கான கோப்புகளைத் தானாக உருவாக்கும் கருவிகள்) சமாசாரம் மட்டும் வந்தது. எனக்கு முன்னால் ஒப்பந்தத்தில் இருந்தவர் விட்டுப்போன பொது ரெப்போவிலோ டார்பாலைப் பிரித்து, அதன் மேலேயே கைவைத்து, "அப்டேட்" என்று ஒரே கமிட் (கிட்டில் பதியும் ஒரு மாற்றம்). எந்த வரி மூலக்காரருடையது, எது இவருடையது என்று அவரைக் கேட்டாலும் தெரிந்திருக்காது. அந்த வாரயிறுதி முழுக்க அதிலேயே போனது.

"டிஃப் பார்த்தால் மட்டும் பின்கதவைக் கண்டுபிடித்துக் கிழித்திருப்பாயோ?" என்று ஒருவர் வருவார். மாட்டேன் ஐயா. தானாக உருவான ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே எம்4 கோப்பை யார் படிக்கிறார்கள்? அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்டே எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) லாகின் அரை வினாடி இழுத்ததால்தான் தோண்டிப் பார்த்தார். யாராவது கேட்டால் பதில் சொல்லக்கூடிய நிலையில் ரெப்போ இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவே.

நிக்ஸ், ஆல்பைன் என்ற வேறு லினக்ஸ்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அவர்களுடைய பேக்கேஜ் தொகுப்புகளான நிக்ஸ்பேக்கேஜஸ், ஏபோர்ட்ஸ் இரண்டுமே ஒற்றை ரெப்போதான், நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் மூலநிரல் அங்கே கிடையாது, கட்டும் விதமும் ஹேஷும் (கோப்பை அடையாளம் காட்டும் குறியீடு) சில பேட்சும்தான். ஃபெடோரா லினக்ஸோ அந்த அளவுக்கான சரக்கைக்கூட பேக்கேஜுக்கு ஒரு ரெப்போ என்றுதான் வைத்திருக்கிறது. மூலநிரலையும் உள்ளே வைப்பதாக இருந்தால் பிரித்தே ஆக வேண்டும்.

      

ஏற்கெனவே எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்துவிட்டீர்களா? கிட் ஃபில்டர்-ரெப்போவில் --சப்டைரக்டரி-ஃபில்டர் கொடுத்தால் ஒவ்வொரு பேக்கேஜையும் அதன் வரலாற்றோடு பிரித்துவிடலாம். கமிட் ஹேஷ் எல்லாம் மாறிவிடும் என்பதால் பழைய ரெப்போவை அழிக்காமல், யாரும் எழுத முடியாதபடி பூட்டி வையுங்கள். பழைய ஹேஷைப் பிடித்துக்கொண்டு ஏதாவது ஒரு சிஐ வேலை (தானாக நடக்கும் கட்டலும் சோதனையும்) எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும்.