ரோபாட்டிக்ஸ் வகுப்பில் வழிகாட்டி எப்போது சும்மா இருக்க வேண்டும்?

பள்ளியில் ரோபாட்டிக்ஸ் கிட் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அறிவியலிலும் கணிதத்திலும் ஆர்வம் வர வழிகாட்டி என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஸ்க்ரூடிரைவரை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். அவசரப்பட்டு நாமே வயரை மாற்றிக் குத்தினால் வண்டி ஓடும், ஆனால் அது நம் வண்டியாகிவிடும்.

கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் வண்டியையே எடுத்துக்கொள்வோம். காலையில் ஒழுங்காக ஓடியது, மதியம் ஜன்னலோரம் போனதும் கோட்டை விட்டு விலகுகிறது. சென்சார் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வைத்துத்தான் கோட்டை அறிகிறது, வெயிலிலும் அதே ஒளி இருக்கிறது. இதைச் சொல்லிவிடாதீர்கள். "காலையில இருந்து என்ன மாறியிருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். யாராவது ஒரு பிள்ளை வெயில் படாமல் கையால் மறைத்துப் பார்க்கும். வண்டியை இயக்கும் ஆர்டுயினோ என்ற சிறிய மின்னணுப் பலகையில் 0 முதல் 1023 வரை வரும் சென்சார் அளவு சட்டென்று மாறும். அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்!

கணிதமும் அப்படித்தான். 6.5 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 20.4 செ.மீ. போகும். சரி, ஒரு மீட்டரில் நிற்க எத்தனை சுற்று? கணக்குப் போட்டு, டேப் வைத்து அளந்து பார்க்கட்டும்.

அப்புறம், பையன்கள் கோடிங், பெண்கள் சார்ட் என்று குழு தானாகப் பிரிந்துவிடும். வாராவாரம் வேலையை மாற்றிக் கொடுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வகம் (பிள்ளைகள் தாமே செய்து பார்த்துக் கற்க மத்திய அரசு உதவியில் அமைக்கப்படும் கூடம்) இருந்தால், அது 6 முதல் 12ஆம் வகுப்பு வரைக்குமானது. பதினொன்றாம் வகுப்பு அக்காவை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வையுங்கள்.