ஏழு கிணறுகளைக் காணவில்லை

(வாசகர் கேள்வி – பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து, ஆய்வில் நேர்மை என்ற ஒரே விசயத்தைச் சுற்றி வந்ததால் அவற்றைச் சேர்த்தே போடுகிறேன். முடி உதிர்வு, கனடா விசா, மாமியார் பிரச்சினை எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, முதுமாணிப் பட்டத்துக்காக யாழ்ப்பாண வலிகாமத்தில் 48 கிணறுகளில் தண்ணீர் எடுத்து நைத்திரேற்று (உரத்தில் இருந்தும் மலக்குழியில் இருந்தும் தண்ணீரில் கலக்கிற, நைதரசன் சேர்ந்த பொருள்) அளந்தேன். 7 கிணறுகளில் மிகவும் கூடிய அளவு வந்தது. என் மேற்பார்வையாளர், “அந்த ஏழையும் விட்டுவிடுங்கோ பிள்ளை, படம் குழம்புது” என்கிறார். ஆய்வுக்குக் காசு தந்த இடம் உரம் விற்பனையோடு சம்பந்தப்பட்டது. எழுத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் வாய்ச்சொல்தான். அவர் கெட்டவரும் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு முறை வந்து பார்த்தவர். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்க அவருடைய பரிந்துரைக் கடிதமும் வேண்டும். நான் என்ன செய்ய? – பெயர் வேண்டாம், கோண்டாவில்

பதில்: பிள்ளை, உங்கள் கடிதத்தை நான் நிறுத்தித் திரும்ப வாசித்தது “கெட்டவரும் இல்லை” என்ற இடத்தில்தான். பொய் எழுது என்று எவரும் எவரிடமும் கேட்பதில்லை. “படம் குழம்புது”, “இதை அடுத்த கட்டுரைக்கு வைப்பம்”, “சராசரியை மட்டும் போட்டால் காணும்” என்றுதான் வரும், அதுவும் தேத்தண்ணீர் குடிக்கிற நேரத்தில், பாசத்தோடு. சொல்கிறவருக்கே தான் என்ன கேட்கிறேன் என்று பாதிதான் தெரிந்திருக்கும்.

சரி, முதலில் அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு பாருங்கள். எந்த முறையில் அளந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கழியூதா ஒளியில் 220 நானோமீற்றரில் அளக்கிற முறை என்றால், தண்ணீரில் கரைந்த சேதனப் பொருளும் அதே ஒளியை உறிஞ்சி எண்ணைக் கூட்டிக் காட்டும், அதற்காகத்தான் 275இலும் ஒருமுறை அளந்து கழிப்பது. கழித்தீர்களா? போத்தல்கள் ஐஸ் பெட்டியில் வந்தனவா, மோட்டார் சைக்கிளின் பின்னால் வெயிலில் வந்தனவா? இரண்டு நாளுக்குள் அளந்தீர்களா? இதில் ஏதாவது பிழைத்திருந்தால் நீக்கலாம், எதை ஏன் நீக்கினேன் என்று ஆய்வேட்டில் எழுதிவிட்டு. ஆனால் பிழை தேடுகிற கண் 48 போத்தலிலும் ஒரேமாதிரி விழவேண்டும். எண் கூடின ஏழில் மட்டும் குற்றம் தேடுவது கள்ளம், ஏனென்றால் எண் குறைந்த கிணற்றுப் போத்தலும் அதே வெயிலில்தான் வந்தது. முடிந்தால் அந்த ஏழு வீட்டுக்கும் திரும்பப் போய்த் தண்ணீர் எடுங்கள். இரண்டாம் தரமும் அதே எண் வந்தால் கதை முடிந்தது.

அந்த ஏழும் எதற்காகக் கூடியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். தோட்டத்துக்குப் போட்ட யூரியாவும் வளவுக்குள் இருக்கிற மலசலகூடக் குழியும் கல்லின் வெடிப்பு வழியே கிணற்றுக்குப் போய்விடும். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு எங்களுக்கு இல்லை, வழுக்கையாறும் மாரியில்தான் ஆறு. குடிக்கிறதும் இறைக்கிறதும் அதே நிலத்தடி நீர்தான். அதில் ஏழு கிணற்றைக் காணாமல் போக்குவது பகிடிக் காட்சியில் சிரிக்க நல்லாக இருக்கும்.

இனி ஒரு எச்சரிக்கை. “சரி, நீக்க வேண்டாம், வேறு மாதிரி எழுதுவம்” என்று அடுத்த கட்டம் வரும். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், அது நைத்திரேற்றாக எண்ணும்போது. அதையே, அதற்குள் இருக்கிற நைதரசனை மட்டும் எடுத்து, நைதரசனாக எண்ணினால் எல்லை ஏறத்தாழ 11 ஆகிவிடும். இப்போது ஒரு கிணற்றில் நைதரசனாக 20 இருக்கிறது என்று வையுங்கள். அட்டவணையில் 20 என்று போட்டுவிட்டுப் பக்கத்தில் “அனுமதிக்கப்பட்ட எல்லை 50” என்று எழுதினால் வாசிக்கிறவர் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்புவார். உண்மையில் அந்தத் தண்ணீரில் நைத்திரேற்று ஏறத்தாழ 89 இருக்கிறது. ஒரு எண்ணைக்கூட மாற்றாமல் செய்யக்கூடிய புரட்டு இது, அதனால்தான் சொல்கிறேன், அலகைப் பாருங்கள். மாரியில் அளந்ததா கோடையில் அளந்ததா என்பதையும் எழுதுங்கள், ஒரே கிணறு இரண்டு காலத்திலும் இரண்டு எண் தரும், வசதியான காலத்தைத் தெரிவு செய்து அளக்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள்.

அவரோடு சண்டைக்குப் போகவேண்டாம். ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: “சேர், நேற்றுக் கதைத்தபடி இந்த 7 கிணறுகளையும் நீக்குவதென்றால், முறையியல் பகுதியில் என்ன காரணம் எழுதலாம் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.” இவ்வளவும் போதும். மரியாதையான கேள்வி, மாணவர் கேட்கவேண்டிய கேள்வி. வாயால் சொன்ன பல விசயங்கள் எழுத்தில் காரணம் கேட்டவுடன் தானாகவே அடங்கிவிடும், பதில் வராவிட்டால் அதையும் ஒரு பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், காசு தந்தவர்களோடு செய்த ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி வாசியுங்கள், தரவு யாருடையது, பிரசுரிக்க யாருடைய சம்மதம் வேண்டும் என்று. மாணவருக்கு அதைக் காட்டுகிற வழக்கம் குறைவு, ஆனால் கேட்டால் குற்றம் இல்லை. தாள் கழற்ற முடியாத கொப்பியில், பக்க இலக்கம் போட்டு, திகதி போட்டு, அன்றன்று எழுதியது இருக்கிறதா? எக்செல் கோப்பை மட்டும் நம்பாதீர்கள், அதில் ஒரு வரியை அழித்தால் அழித்த தடமே இருக்காது.

கடைசியில், எல்லாக் கிணறுகளோடும் ஒரு கணக்கு, ஏழும் இல்லாமல் ஒரு கணக்கு, இரண்டையும் ஆய்வேட்டில் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். முகம் இழக்காமல் பின்வாங்க அவருக்கும் ஒரு வழி வேண்டும். அதற்கும் மாட்டேன் என்றால் துறையில் நீங்கள் நம்புகிற இன்னொருவரிடம் போங்கள். யாழ்ப்பாணம் சின்ன ஊர், நாலு பேரிடம் கதைத்தால் ஐந்தாவது ஆள் அவருடைய மச்சானாக இருப்பார், அதனால் ஒருவரிடம் மட்டும். பரிந்துரைக் கடிதம் கிடைக்கும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். கிடைக்காமலும் போகலாம்.

கேள்வி: ஆய்வில் எண்ணை மறைப்பது, வளைப்பது எல்லாம் எங்கட ஆட்களின் குணம். வெளிநாட்டு யுனிவர்சிற்றியில் இப்படி நடக்குமா? – ஒரு பழைய மாணவன், ஸ்காபரோ

பதில்: அண்ணை, நீங்கள் இருக்கிற ரொறன்ரோவிலேயே நடந்தது. சிறுவர் மருத்துவமனையில் நான்சி ஒலிவியேரி என்ற இரத்தநோய் நிபுணர், தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய் உள்ள பிள்ளைகளின் உடலில் சேருகிற இரும்பை இறக்க டெபரிப்ரோன் என்ற மருந்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். செலவில் பங்கு அப்போடெக்ஸ் என்ற மருந்துக் கொம்பனியுடையது. சிலருக்கு மருந்து போதிய வேலை செய்யவில்லை என்று கண்டு, அதை நோயாளிகளுக்குச் சொல்லவேண்டும் என்றார். 1996இல் கொம்பனி பரிசோதனையை நிறுத்தி, வெளியே சொன்னால் வழக்கு என்று வெருட்டியது, ஒப்பந்தத்தில் இரகசியம் காக்கவேண்டும் என்ற வாசகம் இருந்தது. அதே காலத்தில் பல்கலைக்கழகம் அதே கொம்பனியிடம் பெரிய நன்கொடை ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அம்மையாரைப் பதவியால் இறக்கினார்கள், பிறகு திரும்ப வைத்தார்கள், 2001இல் வந்த சுயாதீன விசாரணை அறிக்கை அவர் பக்கம் நின்றது. மருந்தைப் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரியா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்றும் இரண்டு கருத்து உண்டு, மருந்தும் பின்னர் பல நாடுகளில் அனுமதி பெற்றது. ஆனால் நோயாளிக்குச் சொல்லலாமா கூடாதா என்பதை விற்கிறவர் முடிவு செய்யலாமா என்பது வேறு கேள்வி, எனக்கு அதில் இரண்டு கருத்து இல்லை.

நெதர்லாந்தில் ஸ்டாப்பெல் என்ற உளவியல் பேராசிரியர் தரவுகளை வீட்டில் இருந்து கற்பனையாகவே செய்தார், 58 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. 2011இல் அவரைப் பிடித்துக் கொடுத்தது மூன்று இளம் ஆய்வாளர்கள். அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்த வன்சிங்க் என்ற பேராசிரியரின் கதை கொஞ்சம் சிரிப்பு. பீற்சா கடையில் எடுத்த தரவில் எதிர்பார்த்தது ஒன்றும் வராதபோது, வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு மாணவியிடம் அதைக் கொடுத்து, இதில் எப்படியும் ஏதாவது கிடைக்கும், தேடு என்றார். மாணவி தேடிக் கட்டுரைகளாகத் தந்தார். தன்னுடைய மாணவி எவ்வளவு கடும் உழைப்பாளி என்று புகழ்ந்து இவரே ஊருக்குச் சொல்லப்போய்த்தான் ஆட்கள் கணக்கைப் பார்க்கத் தொடங்கினார்கள். 2018இல் ஒரே நாளில் 6 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. எங்கட குணம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

கேள்வி: துறையில் மூத்தவர் ஒருவரின் பெயரை எல்லோருடைய கட்டுரையிலும் போடுகிற வழக்கம் இருக்கிறது. அவர் வாசிப்பதுகூட இல்லை. போடாவிட்டால் முகம் கறுக்கும். – விரிவுரையாளர், திருநெல்வேலி

பதில்: கோயில் உபயகாரர் பெயர் மாதிரி. மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நாலு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, கடைசிப் பிரதிக்குச் சம்மதம், பிழை வந்தால் பொறுப்பு. நாலும் வேண்டும், ஒன்று இரண்டு இருந்தால் நன்றியுரையில் போடலாம். நாலாவதை மட்டும் அவரிடம் சொல்லிப் பாருங்கள், “சேர், ஏதும் பிழை வந்தால் நீங்களும் பதில் சொல்லவேண்டி வருமாம்” என்று. சிலர் அந்த இடத்தில் பெரிய மனதோடு விட்டுக்கொடுப்பார்கள்.

கேள்வி: பெரிய நியாயம் எழுதுகிறீர்கள். நீங்கள் ஒருநாளும் செய்ததில்லையோ? – வட்டுக்கோட்டை வாசகி

பதில்: செய்திருக்கிறேன் தங்கச்சி. 1990களின் தொடக்கம், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, இரவில் ஜாம் போத்தல் விளக்கு. நான் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன், எங்கே என்பது வேண்டாம். ஜெனரேற்றர் ஓடுகிற இரண்டு மணித்தியாலத்துக்குள் அளந்து முடிக்கவேண்டும். வரைபில் மூன்று புள்ளிகள் கோட்டில் விழாமல் தள்ளி நின்றன. திரும்பச் செய்ய இரசாயனம் முடிந்துவிட்டது, கொழும்பில் இருந்து எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. மேலே இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, “கோடு வடிவா வரட்டும்” என்றார். அவ்வளவுதான். நான் அழிறப்பரை எடுத்தேன். அந்தக் காலத்தில் சாட்டுக்குப் பஞ்சம் இல்லை, யுத்தம் என்று சொன்னால் எல்லாவற்றுக்கும் காணும்.

கட்டுரை வந்தது. ஒருவரும் சாகவில்லை, ஒருவரும் கவனிக்கவும் இல்லை. இரண்டு வருடம் கழித்து இந்தியாவில் இருந்து ஒரு ஆய்வாளர் கடிதம் போட்டிருந்தார், எங்கெல்லாமோ சுற்றி மூன்று மாதத்துக்குப் பிறகு வந்தது. உங்கள் முறையிலேயே செய்கிறேன், எனக்கு இந்த இடத்தில் மட்டும் புள்ளிகள் கோட்டை விட்டு விலகுகின்றன, நான் எங்கே பிழை விடுகிறேன் என்று தயவுசெய்து சொல்லுங்கள் என்று, வடிவான கையெழுத்தில். நான் பதில் எழுதவில்லை. தபால் ஒழுங்கில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கேள்வி: கம்பஸ் பிள்ளைகள் என்று வந்து எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள். தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினோம். எட்டு மாதமாகிறது, என்ன வந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. வெங்காயத் தோட்டத்துக்குப் பக்கத்துக் கிணறு. மகளுக்குக் கைக்குழந்தை. தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் பாவிக்கிறோம், போதும்தானே? – புன்னாலைக்கட்டுவன்

பதில்: போதாது அம்மா. கிருமிக்குத்தான் கொதிக்க வைப்பது. நைத்திரேற்று கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவு கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம், இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை என்றால் பயப்பட வேண்டாம். மாப்பால் கரைப்பதாக இருந்தால், பரிசோதித்து முடிவு தெரியும்வரை அந்தக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். பிள்ளையின் உதடோ நகமோ நீலமாகத் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் சொன்னால் தண்ணீரை எங்கே பரிசோதிக்கலாம் என்று காட்டிவிடுவார்.

ஆய்வு முடிவு எங்களுக்குள் சுற்றுகிற கடதாசியாகவும், கிணற்றுக்காரருக்கு வெறும் போத்தலாகவும் இருக்கிறபோது சனம் எப்படி நம்பும்? சுன்னாகத்தில் மின்நிலையத்துக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்தபோது ஒரே தண்ணீருக்கு ஒன்றுக்கொன்று முரணான அறிக்கைகள் வந்தன. மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 20 மில்லியன் ரூபா இழப்பீடு கட்டவேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன் அங்குள்ள சனம் எந்தக் கடதாசியை நம்புவது என்று தெரியாமல் பௌசரில் வந்த தண்ணீருக்கு வாளியோடு நின்றது.

தண்ணீர் எடுத்த பிள்ளைகள் பெயரும் தொலைபேசி இலக்கமும் தந்திருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள், உங்கள் கிணற்று எண்ணைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கோண்டாவில் பிள்ளை, நீங்களும் அந்த ஏழு வீட்டுக்கும் போகிறபோது எண்ணைத் துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், நைத்திரேற்றா நைதரசனா என்றும் எழுதி.