வாசகர் கேள்வி – பதில்: வன்னி வெயிலில் அப்பிள் பை

கேள்வி: கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த அண்ணி, அப்பிள் துண்டுகளை மாவோட்டுக்குள் வைத்து மூடி அவணில் வேகவிடும் அப்பிள் பை செய்யும் முறையை எழுதித் தந்துவிட்டுப் போனார். அதன்படியே செய்தும் பட்டர் உருகி, மா முழுவதும் எண்ணெய்ப் பசையாகிவிட்டது. வெந்த பின்னர் மேலோடு கடினமாகவும் அடிப்பகுதி சொதசொதவென்றும் இருந்தது. காரணம் என்ன?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: உங்கள் அண்ணியின் முறையிலும் பிழை இல்லை, உங்கள் கையிலும் பிழை இல்லை, அது குளிர்நாட்டு அடுக்களைக்கு எழுதப்பட்ட முறை. பட்டர் ஏறத்தாழ 32 பாகை முதல் 35 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும். சித்திரை மாதத்து நண்பகலில் தகரக் கூரையின் கீழுள்ள நமது அடுக்களை அந்தச் சூட்டை எளிதாக எட்டிவிடும். பட்டர் சிறு துண்டுகளாக மாவுக்குள் கட்டியாகவே இருந்து, அவணுக்குள் போன பிறகுதான் உருக வேண்டும். அப்போது அதிலுள்ள நீர் ஆவியாகி மாப்படைகளைப் பிரித்துத் தூக்குவதால்தான் மேலோடு அடுக்கடுக்காக உதிர்கிறது. முன்னரே உருகினால் மா அதை உறிஞ்சிவிடும், படைகள் உண்டாகா. சேரவில்லையே என்று மேலும் பிசைந்தால் கோதுமை மாவின் இழுவை கூடி, மேலோடு வலுத்துப் போகும்.

ஆகவே மாவேலையை வெயில் ஏறுமுன் விடியற்காலையில் முடித்துவிடுங்கள். கோதுமை மா 300 கிராம், பட்டர் 200 கிராம், ஐஸ் நீர் சுமார் 100 மில்லிலீற்றர், உப்பு அரைத் தேக்கரண்டி என்பது 9 அங்குலத் தட்டில் அடியும் மூடியும் அமையப் போதுமான அளவு. பட்டரைச் சிறு கட்டிகளாக வெட்டி ஐஸ் பெட்டியிலும், மாவைப் பாத்திரத்துடன் குளிர்சாதனப் பெட்டியிலும் முதல்நாள் இரவே வைத்துவிட வேண்டும். கைச்சூடு படாதபடி இரண்டு கத்திகளால் பட்டரை மாவுக்குள் வெட்டி வெட்டிக் கடலை அளவுக்குக் கொண்டுவந்து, நீரைச் சிறிது சிறிதாகத் தெளியுங்கள். பிட்டுக்கு மா குழைப்பதைப் போல, பிடித்தால் சேரவும் தட்டினால் உதிரவும் வேண்டும். அந்தப் பதம் நம் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்பு இரண்டு உருண்டைகளாக்கி, ஒரு மணிநேரமாவது குளிரில் வைத்த பின்னரே உருட்டித் தட்டையாக்க வேண்டும். மாஜரீன் வெயிலைச் சற்றுத் தாங்கும் என்றாலும், சுவைக்குப் பட்டருக்கு ஈடாகாது; வேண்டுமானால் பாதிக்குப் பாதி கலக்கலாம்.

அடி சொதசொதப்பதற்குப் பழச்சாறே காரணம். ஒரு கிலோ அப்பிளைத் தோல் சீவி, அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த தடிப்பில் நறுக்கி, 100 கிராம் சீனியும் ஒரு தேசிக்காயின் சாறும் சேர்த்து அரை மணிநேரம் வையுங்கள். சீனி இழுத்துவிடும் நீரை வடித்துத் தனியே பாதியாக வற்றக் காய்ச்சி, ஆறியதும் இரண்டு மேசைக்கரண்டி சோளமா, ஒரு தேக்கரண்டி கறுவாத்தூள் ஆகியவற்றுடன் துண்டுகளில் பிரட்டிக்கொள்ளுங்கள். சந்தையில் கிடைக்கும் சிவப்பு அப்பிள்களில் பல வெந்தால் குழைந்துவிடும். அவுஸ்திரேலியாவில் தோன்றிய கிரானி சிமித் எனும் பச்சை அப்பிள் உருக்குலையாது, புளிப்பும் உண்டு. விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

மூடியில் நாலைந்து கீறல்கள் இட்டு, முன்கூட்டியே சூடாக்கிய தகரத் தட்டின்மீது வைத்து, அவணின் கீழ்த்தட்டில் 220 பாகையில் 20 நிமிடமும் பின்பு 180 பாகையில் சுமார் 40 நிமிடமும் வேகவிடுங்கள். கீறல்களில் சாறு தடிப்பாகக் கொப்புளிப்பதே வெந்ததன் அடையாளம். ஆறும்போதுதான் சாறு இறுகும் என்பதால், பிள்ளைகள் எவ்வளவு நெருக்கினாலும் மூன்று மணிநேரத்துக்கு வெட்டாதீர்கள்.

கேள்வி: வீட்டில் அவண் இல்லை. விறகடுப்பில் செய்ய முடியுமா?
– வாசகர், முள்ளியவளை

பதில்: முடியும். தடித்த பெரிய பானையின் அடியில் மணல் பரப்பி, அதன்மேல் முக்காலியோ கற்களோ வைத்து, மூடியின் மீது சிரட்டைத் தணலைக் கொட்டிவிட்டால் மேலும் கீழும் சூடு கிடைக்கும். மேற்தணல் குறைந்தால் மேலோடு வெளிறிவிடும், அதனை மட்டும் கவனியுங்கள். விறகுப் போறணையுள்ள வெதுப்பகம் அருகில் இருந்தால், பாண் இறக்கிய பின் தணியும் சூட்டில் வைத்துத் தரும்படி கேட்டுப் பார்ப்பது இதைவிட நல்லது.

கேள்வி: அப்பிளுக்குப் பதிலாக மாம்பழம் போடலாமா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: செங்காய்ப் பதத்தில் உள்ள மாங்காய் பொருத்தமானது. நன்கு கனிந்த கறுத்தக் கொழும்பானை இதற்குள் போட்டு வீணாக்க வேண்டாம், அது சாறாகிவிடும். மாங்காயின் புளிப்புக்கேற்பச் சீனியைக் கூட்டி, சோளமாவை மூன்று மேசைக்கரண்டியாக்கி, தேசிக்காயை விட்டுவிடுங்கள். கறுவாவைக் குறைத்துச் சிறிது ஏலக்காய் சேர்த்தால் மணம் நன்றாகப் பொருந்தும்.